பதினெட்டாம் கட்டையின் முடிச்சு

பியானோவில் அறுந்துபோன ஒரு பாஸ் கம்பியை, அதாவது கீழ் ஸ்தாயிக் கம்பியை, முடிச்சுப் போட்டு இணைத்து இன்றோடு நான்கு மாதங்கள் ஆகின்றன. காலையில் மேல்மூடியைத் திறந்து ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். முடிச்சு, கம்பியைத் தாங்கி நிற்கும் மேல் பிரிட்ஜிலிருந்து 42 மில்லிமீட்டரில் நிற்கிறது. போட்ட வாரத்தில் 41-ல் நின்றது. நான்கு மாதங்களுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்வு என்றால் அது பிடித்துக்கொண்டுவிட்டது என்றே கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. மகளின் பெண் கற்றுக்கொள்கிறாள் என்பதற்காக, குன்னூரில் காலி செய்த ஒரு வீட்டிலிருந்து கம்பிகள் செங்குத்தாக நிற்கும் இந்தப் பழைய அப்ரைட் பியானோவை வாங்கி, மேட்டுப்பாளையம் வழியாக மினி லாரியில் இறக்கிக் கொண்டுவந்தோம். லண்டனில் செய்தது. இப்போதைய பியானோக்களில் 88 கட்டைகள் இருக்கும், இதில் 85-தான். அதிலிருந்தே வயதை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். மலைப் பனியில் பல ஆண்டுகள் நின்றதால், சுருதி சேர்க்கத் திருகும் டியூனிங் பின்களில் கம்பிகள் சுற்றிக்கொள்ளும் இடங்களில் எல்லாம் துரு பூத்திருந்தது. வாங்கும்போதே அதைப் பார்த்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. மண்ணெண்ணெயை அதன் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது என்பதும் பிறகுதான் தெரிந்தது: பின்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரப்பலகையில் எண்ணெய் இறங்கினால் பின்கள் நழுவத் தொடங்கும். நல்லவேளையாக நான் துடைத்தது இரண்டே பின்களைத்தான்.

ஒரு மாலை, பேத்தி இடது கையால் ஒரு கட்டையை அழுத்திய நேரத்தில் உள்ளே படீரென்று ஒரு சத்தம். “அப்பிச்சி, உள்ள என்னமோ வெடிச்சிருச்சுங்க” என்று ஓடிவந்தாள். வெடித்தது இடமிருந்து பதினெட்டாவது கட்டைக்கு உரிய இரண்டு கம்பிகளில் ஒன்று. பியானோவின் ஒவ்வொரு கம்பியும் சுமார் 70, 80 கிலோ இழுவிசையில் நிற்கிறது. அறும்போது அது சும்மா தளர்ந்து விழுவதில்லை, சாட்டையைப் போல வீசும். மூடி மூடியிருந்தது. அதற்குப் பிறகு, கண்ணாடி அணியாமல் நான் டியூனிங் பின்னைத் தொட்டதே இல்லை.

மேல்பலகையைக் கழற்றிப் பார்த்ததும் முதலில் கவனிக்க வேண்டியது கம்பி எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதுதான். மற்ற எல்லாம் அதைப் பொறுத்தது. கம்பியின் கீழ்முனை இரும்புச் சட்டத்தில் உள்ள ஹிட்ச் பின் என்னும் முளையில் கண்ணியாக மாட்டியிருக்கும். அங்கிருந்து கீழ்ப் பிரிட்ஜைக் கடந்து, சுத்தியல் அடிக்கும் நீண்ட பகுதியாக மேலேறி, மேல் பிரிட்ஜில் மடங்கி, டியூனிங் பின்னில் மூன்று சுற்றாக முடியும். இரண்டு பிரிட்ஜுகளுக்கும் இடையில் உள்ளதுதான் ஒலிக்கும் பகுதி. மேல் பிரிட்ஜுக்கும் பின்னுக்கும் நடுவே உள்ளது ஒலிக்காத பகுதி. அதில் ஒரு முடிச்சு இருந்தாலும் காதுக்குத் தெரியாது. என் கம்பி அறுந்தது பின்னில் முதல் சுற்று தொடங்கும் இடத்தில், துருவின் நடுவில். மேல் பிரிட்ஜிலிருந்து பின் வரை 110 மில்லிமீட்டர். கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்து அளந்தபோது பிரிட்ஜைத் தாண்டி 104 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. குறைந்த அந்த 6 மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

புதுக் கம்பி மாட்டலாமே என்று கேட்பார்கள். உச்ச ஸ்தாயிக் கம்பிகள் வெறும் எஃகு. சுருளிலிருந்து வெட்டி மாட்டிவிடலாம். பாஸ் கம்பி அப்படியில்லை. நடுவில் எஃகுக் கம்பி, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய செம்புக் கம்பி. ஒவ்வொரு கட்டைக்கும் எஃகின் தடிமன், செம்பின் தடிமன், சுற்றின் நீளம் எல்லாம் வேறு. மாதிரியை அனுப்பி, அளவெடுத்துச் சுற்றித்தான் வாங்க வேண்டும். விசாரித்த இடத்தில் ஒரு கம்பிக்குத் தபால் செலவோடு 4,600 ரூபாய், இரண்டரை மாதம் என்றார்கள். அது வந்தாலும், மங்கிப்போன பழைய செம்புகளின் நடுவே ஒரு புதுச் செம்பு மட்டும் பளீரென்று தனித்து ஒலிக்கும். என் கம்பியில் செம்புச் சுற்று முழுதாக நன்றாக இருந்தது. கெட்டுப்போனது வாலில் ஒரு சாண் கூட இல்லை. அந்த வாலுக்கு மட்டும் அதே தடிமனில் புதுக் கம்பியை முடிந்து, அதைப் பின்னில் சுற்றுவது பியானோ சரிசெய்பவர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் வேலைதான். குறுக்குவழி என்று யாரும் அதை நினைப்பதில்லை.

தடிமனைத் தெரிந்துகொள்ள, அறுந்த முனையை மெல்லிய எமரித் தாளால் துருப்போகத் துடைத்து மைக்ரோமீட்டரில் மூன்று இடங்களில் அளந்தேன்: 0.92, 0.93, 0.92 மில்லிமீட்டர். பியானோக் கம்பிக்கு எண் வரிசை உண்டு. 13-ஆம் எண் 0.775 மில்லிமீட்டர், அதிலிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் 0.05 கூடும். 16-ஆம் எண் 0.925. அதுதான் வேண்டியது.

அதை வாங்குவதற்கு முன்னால் இரண்டு இடங்களில் சிக்கனம் பார்த்தேன். முதலில் காட்டூரில் ஒரு கடையில் 0.9 மில்லிமீட்டர் ஜிஐ கம்பி, அறுபது ரூபாய்க்கு ஒரு சுருள். முடிச்சு அருமையாக விழுந்தது. ஆனால் அந்தக் கம்பி பிசைந்த மாவைப் போல நீண்டுகொண்டே போனது. பின்னை எவ்வளவு திருகினாலும் சுருதி ஏறவில்லை. அடுத்து, வீட்டில் கிடந்த பழைய வீணைக் கம்பியை எடுத்துப் பார்த்தேன். அது எஃகுதான், நல்ல எஃகுதான். ஆனால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். இந்த இழுவிசையில் அது நிற்குமா என்று சோதிக்கக்கூட மனம் வரவில்லை. கடைசியில் 16-ஆம் எண் பியானோக் கம்பி கால் கிலோ சுருளாக வரவழைத்தேன், 2,150 ரூபாய். கால் கிலோவில் ஏறத்தாழ 47 மீட்டர் இருக்கும். எனக்குத் தேவைப்பட்டது 30 சென்டிமீட்டர்.

மிச்சம் பழகுவதற்கு உதவியது. பியானோக் கம்பி கையில் எடுத்ததும் தெரிந்துவிடும், அது வேறு சாதி. வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்காது. விட்ட கணம் பாதி நிமிர்ந்துகொள்ளும். சாதாரணக் கட்டிங் பிளையரால் வெட்டினேன். கம்பி வெட்டுப்பட்டது, பிளையரின் வாயிலும் ஒரு பல் விழுந்தது. பிறகு எஃகுக் கம்பிக்கென்றே உள்ள கட்டரை 480 ரூபாய்க்கு வாங்கினேன். சிறு வளையம் வளைக்க வட்ட மூக்குக் குறடு வேண்டும். அதை ஹார்டுவேர் கடைகளில் தேடி அலைந்துவிட்டு, பெரிய கடை வீதியில் தங்க வேலைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் 220 ரூபாய்க்கு வாங்கினேன். மூக்கு நுனியில் 2 மில்லிமீட்டர், அடியில் 8 மில்லிமீட்டர். எந்தத் தடிமனில் வளைக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள, மூக்கில் 5 மில்லிமீட்டர் வரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்தக் கோடுதான். ஆனால் அதைப் போட்டது முதல் தோல்விக்குப் பிறகு.

முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலையில் அறுந்த இழையை முடிய ஒரு முடிச்சு உண்டு, வீவர்ஸ் நாட் என்போம். பழகிய கைகளில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். அதைத்தான் கம்பியில் முதலில் போட்டேன். பளு ஏற்றியதும் நழுவிக்கொண்டு வந்துவிட்டது. நூல் இறுகும்போது நசுங்கி ஒன்றையொன்று கவ்வும், கம்பி நசுங்காது. ஆகவே இதில் கவ்வுகிற வேலையை வளைவே செய்தாக வேண்டும்.

பியானோக்காரர்கள் போடுவது இரண்டு வளையங்கள் கோத்த முடிச்சு. புதுக் கம்பியின் நுனியில் குறட்டால் ஒரு வளையம் வளைக்க வேண்டும். வளைந்து வந்த வால், தன் தண்டைக் குறுக்கே கடந்து, தண்டுக்குச் செங்குத்தாக ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பழைய கம்பியின் நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து, எதிர்ப்புறமாக அதே போல் இன்னொரு வளையம் வளைத்து, அதன் வாலையும் தன் தண்டைக் கடக்கச் செய்ய வேண்டும். இரண்டையும் இருபுறமும் இழுக்கும்போது, ஒவ்வொரு வாலும் அடுத்த கம்பியின் வளையத்துக்கு அடியில் மாட்டி அமுங்க வேண்டும். சங்கிலிக் கண்ணிகளைப் போல வெறுமனே கோத்துவிட்டால் போதாது. வால் வெளியே விட்டுப்போனால் வளையம் பிரிந்துவிடும். சரியாக விழுந்த முடிச்சை மேலிருந்து பார்த்தால் ஒரு பாதியை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தது போல மறுபாதி இருக்கும், இரண்டு வால்களும் எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வால்களும் ஒரே பக்கம் வந்தால் பிரித்துவிட வேண்டியதுதான். எழுத்தில் இது புரிவது கடினம் என்று எனக்கே தெரிகிறது. தடித்த மின்வயரில் இரண்டு நிறத்தை எடுத்துக்கொண்டு நாலைந்து முறை போட்டுப் பார்த்தால் கைக்குப் புரிந்துவிடும். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

கம்பி வளைய மறுக்கிறதே என்று ஒரு முறை கேஸ் அடுப்பில் நுனியைச் சிவக்கக் காய்ச்சி வளைத்தேன். முப்பத்தொரு ஆண்டு ஃபிட்டர் செய்யக் கூடாத காரியம் அது. பூப்போல வளைந்தது, பளு ஏற்றியதும் காய்ச்சிய இடத்திலேயே நீண்டு மெலிந்து அறுந்தது. இந்தக் கம்பியின் பலத்தில் பெரும்பகுதி அதைக் குளிர்நிலையில் இழுத்து மெலிய வைத்ததில் இருக்கிறது. காய்ச்சினால் அது அத்தனையும் போய்விடும்.

பளு ஏற்றிச் சோதிக்க வீட்டுக் கொட்டகையின் உத்தரத்தில் ஒரு கொக்கி மாட்டி, முடிச்சுப் போட்ட கம்பியில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றும் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றும் வைத்தேன். மொத்தம் 75 கிலோ. இரவு முழுக்க நின்றால் தேர்ச்சி. பத்தொன்பது முடிச்சுகள் போட்டேன். முதல் எட்டில் ஒன்று மட்டும் நின்றது, கடைசி ஏழும் நின்றன. வீட்டில் அரிசி எடுக்கும் நேரமெல்லாம் மூட்டையை இறக்கித் தர வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

இனி பியானோவில். முதலில் அந்த டியூனிங் பின்னை, அதைத் திருகுவதற்கென்றே உள்ள லீவரால் இடப்புறமாக மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பி, சற்று வெளியே வரச் செய்தேன். பின்னின் அடிப்பாகத்தில் நுண்ணிய புரி இருப்பதால், மூன்று சுற்றுக் கம்பி ஏறும்போது அது பழைய ஆழத்துக்கே திரும்பிவிடும். பின்னின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 22 மில்லிமீட்டர் கம்பி பிடிக்கும். மூன்று சுற்றுக்கு 66, துளைக்குள் நுழைய 5. ஆகப் பின்னைத் தாண்டி 7 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் சரியாக இருந்தது. நுனியைத் துளையில் செருகி, மூக்குக் குறட்டால் அமுக்கி மடித்து, கம்பியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி வலப்புறமாகத் திருகி, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெருக்கிக்கொடுத்தேன். லீவர் 1,850 ரூபாய். அதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். ஸ்பேனரைப் போட்டால் பின்னின் நாற்சதுரத் தலை வட்டமாகிவிடும்.

முடிச்சை மேல் பிரிட்ஜிலிருந்து 40 மில்லிமீட்டரில் போட்டேன். குறட்டின் அடிப்பாகத்தில், அதாவது 8 மில்லிமீட்டரில், வளையம் வளைத்தேன். பெரிய வளையம் என்றால் கை நடுங்காமல் கோக்க முடிந்தது. பின்னைத் திருக, முடிச்சு இறுகிக்கொண்டே மேலே ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன். சுருதி ஏறியது, நின்றது. வால்களை 3 மில்லிமீட்டருக்கு வெட்டினேன். பேத்தியைக் கூப்பிட்டுக் கட்டையை அழுத்தச் சொன்னேன். கம்பி ஒலித்தது, அதோடு சேர்ந்து ஒரு கர்ர் என்ற இரைச்சலும்.

இந்த இரைச்சலில் ஓர் இரவைத் தொலைத்தேன். பாஸ் கம்பி இரைந்தால் செம்புச் சுற்று தளர்ந்திருக்கிறது என்பது வழக்கமான நோய்க்குறி. கம்பி அறும்போது முறுக்கு அவிழ்ந்து செம்பு தளர்வது உண்டு; அதற்கு வைத்தியம், கீழ்க் கண்ணியை ஹிட்ச் பின்னிலிருந்து கழற்றி, செம்பு சுற்றியிருக்கும் திசையிலேயே ஒரு முழு முறுக்குக் கொடுத்து மறுபடி மாட்டுவது. கீழ்ப்பலகையைக் கழற்றினேன். உள்ளே எலி கொண்டுவந்து சேர்த்த ஃபெல்ட் துணுக்குகளும், துருப்பிடித்த கொண்டை ஊசி ஒன்றும் கிடந்தன. சுருதியை இறக்கி, முறுக்குக் கொடுத்து, மாட்டி, மறுபடி ஏற்றினேன். அதே கர்ர். பிறகு டார்ச் வெளிச்சத்தில் மேலே பார்த்தபோதுதான் தெரிந்தது. இந்தக் கம்பிக்கு உரிய பின் மேல் வரிசையில் இருக்கிறது. அதற்குப் போகும் வழியில், பிரிட்ஜிலிருந்து 60 முதல் 68 மில்லிமீட்டருக்குள், கம்பி கீழ் வரிசைப் பின்கள் இரண்டுக்கு நடுவே நுழைந்து போகிறது. என் முடிச்சு 64-ல் போய் நின்றிருந்தது. வெட்டிய வாலின் முனை பக்கத்துப் பின்னின் கம்பிச் சுற்றைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஒரு விசிட்டிங் கார்டை இடையில் செருகினேன், இரைச்சல் நின்றது.

40-ல் போட்டது 64-க்கு எப்படிப் போயிற்று? கொட்டகைக்குத் திரும்பினேன். மூட்டைகளைத் தொங்கவிட்டபோது முடிச்சு நிற்கிறதா என்று மட்டும் பார்த்தேனே தவிர, அது எவ்வளவு நகர்கிறது என்று அளக்கவே இல்லை. இப்போது கம்பியில் மார்க்கரால் புள்ளி வைத்து அளந்தேன். 8 மில்லிமீட்டர் வளையம் இறுகும்போது 18 மில்லிமீட்டர் கம்பியை உமிழ்கிறது. வளையத்தில் இருந்த கம்பியில் பெரும்பகுதி தண்டுக்குள் போய்ச் சேர்கிறது. குறட்டின் 5 மில்லிமீட்டர் இடத்தில் வளைத்தால் 8 மில்லிமீட்டர்தான். நகர்ந்த 24-இல் மீதி 6 எங்கிருந்து? ஆரம்பத்தில் 110-க்கு 104 என்று குறைந்து நின்ற அதே 6. சுமார் 115 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தக் கம்பி முழு இழுவிசையில் 6 மில்லிமீட்டர் நீள்கிறது. அறுந்ததும் அந்த அளவு சுருங்கிக்கொண்டது. 40-உம் 18-உம் 6-உம் 64. முடிச்சுப் போடுவது எனக்கு இரண்டு வாரத்தில் கைவந்துவிட்டது. இறுகிய பிறகு அது எங்கே போய் நிற்கும் என்பதுதான் மெய்யான வேலை. அதை முன்கூட்டியே கணக்கிட்டுவிட்டுத்தான் குறட்டை எடுக்க வேண்டும்.

ஒரு முறை இறுகிய முடிச்சைப் பிரித்து மறுபடி போட முடியாது. வளைந்த இடம் கெட்டுப்போயிருக்கும், நிமிர்த்தினால் அறும். முடிச்சுக்குக் கீழே வெட்டினேன். பழைய கம்பியில் பிரிட்ஜைத் தாண்டி மிஞ்சியது 55 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் வளையத்துக்குக் கம்பியின் தடிமனையும் சேர்த்து 18 மில்லிமீட்டர், வாலுக்கு 10. ஆக முடிச்சுப் போடும் இடம் அதிகபட்சம் 27. நான் 25-ஐத் தேர்ந்தெடுத்தேன். தேவை 53, இருப்பது 55. இது தவறினால் அடுத்த முயற்சிக்குக் கம்பி இல்லை. 4,600 ரூபாயும் இரண்டரை மாதமும்தான்.

அன்று காலை காபி குடிக்கவில்லை, கை நடுங்கக்கூடாது என்பதற்காக. புதுக் கம்பியின் வளையத்தை முதலில் மேசைமேல் வைத்து வளைத்து முடித்துக்கொண்டேன். பழைய கம்பியின் 25-ஆம் மில்லிமீட்டரில் புள்ளி வைத்து, மேல் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஃபெல்ட் துண்டால் சுற்றிச் சிறு லாக்கிங் பிளையரால் பிடித்தேன். நுனியை வளையத்துக்குள் விட்டு, குறட்டின் கோட்டில் வைத்து, ஒரே சுற்றாக வளைத்தேன். இரண்டு தவணையாக வளைத்தால் வளையம் முட்டை வடிவாகிவிடுகிறது. வால்கள் எதிரெதிராக நிற்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பின்னைத் திருகுமுன் இரு பக்கமும் குறடுகளால் பிடித்து, கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கினேன். இதையும் முதல் தடவை செய்யவில்லை. கீழ்க் கண்ணிக்கு ஒரு முழு முறுக்கு. பிறகு பின்னைக் கால் சுற்று கால் சுற்றாக, நடுநடுவே கட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஏற்றினேன். ஓரிடத்தில் ‘டிக்’ என்று கேட்டது, மூச்சு நின்றுவிட்டது. முடிச்சு தன் கடைசி இடத்தில் அமர்ந்த சத்தம் அது. கணக்கு 39 என்றது. ஸ்கேல் 41 என்றது. கீழ் வரிசைப் பின்கள் தொடங்க இன்னும் 19 மில்லிமீட்டர் இருந்தது. வால்களை 3 மில்லிமீட்டருக்கு வெட்டி, முனையை அரத்தால் ஒரு தடவு தடவினேன்.

சுருதி சேர்த்ததில் ஒரு தவறு, அதற்கு விலையும் கொடுத்தேன். பதினெட்டாம் கட்டை கீழ் ரி, மேற்கத்தியக் கணக்கில் டி. நடு ஸ்தாயி ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் இது 73.4 ஹெர்ட்ஸ். போன் செயலியை வைத்து அந்த எண்ணுக்கு ஏற்றினேன். ஜோடிக் கம்பியோடு சேரவில்லை. பியானோ முழுவதுமே அரை ஸ்வரத்தில் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளியில்) மூன்றில் ஒரு பங்கு இறங்கி நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, பக்கத்துக் கம்பிகளையும் ஏற்றிவிடலாம் என்று புறப்பட்டேன். இருபத்திரண்டாம் கட்டை வரை தப்பித்தேன். இருபத்து மூன்றாம் கட்டையில், அதாவது கீழ் ப-வில், ஒரு கம்பி படீரென்று போனது. துருப்பிடித்த கம்பி, பிரிட்ஜின் முளையில் ஒட்டிக்கொண்டிருக்கும்; அதை அப்படியே ஏற்றினால் ஒட்டிய இடத்தில் இழுவிசை கூடி அறும். முதலில் ஒரு மயிரிழை இறக்கி, ஒட்டு விடும் ‘டிக்’ சத்தம் கேட்ட பிறகே ஏற்ற வேண்டும். அதைவிட நல்ல வழி, இவ்வளவு பழைய கம்பிகளை 440-க்கு ஏற்றாமலே விடுவது. எல்லாவற்றையும் பழைய உயரத்துக்கே இறக்கிவிட்டேன். இப்போது முடிச்சுப் போட்ட கம்பியைச் செயலி பார்த்துச் சேர்ப்பதில்லை. அதன் ஜோடியோடு சேர்க்கிறேன். இரண்டும் விலகியிருந்தால் ஒலி வ்வா, வ்வா என்று அலைபாயும். நெருங்க நெருங்க அலை நீண்டு, மெதுவாகி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இதற்கு இசைஞானம் வேண்டாம், பொறுமை போதும்.

முதல் நாள் சேர்த்ததும் ஒரு மணி நேரத்தில் அரை ஸ்வரத்துக்கும் மேலாக இறங்கியது. அரை ஸ்வரத்தை நூறு சென்ட்டாகப் பிரிப்பார்கள்; மறுநாள் காலை 18 சென்ட், ஐந்தாம் நாள் 6, மூன்றாம் வாரம் 2. ஒவ்வொரு முறையும் ஏற்றிக் கொடுத்தேன். புதுக் கம்பி முழுதாக மாட்டினால் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே பழைய கம்பி ஏற்கெனவே நீண்டு முடித்தது, புதியது வெறும் ஒரு சாண் என்பதால் சீக்கிரம் நிலைத்தது. முடிச்சின் பெரிய லாபமே இதுதான் என்று நினைக்கிறேன்.

செலவு: லீவர் 1,850, கம்பி 2,150, கட்டர் 480, குறடு 220, வீணான ஜிஐ கம்பி 60. மொத்தம் 4,760. புதுக் கம்பி சுற்றி வாங்கியிருந்தால் 4,600 ஆகியிருக்கும். ஆனால் அதை மாட்டவும் லீவரும் குறடும் வேண்டியிருந்திருக்கும், இத்தனை கம்பியும் கைவசம் மிஞ்சியிருக்காது. அடுத்த முறை செய்தால், பிரிட்ஜிலிருந்து பின் வரையிலான பாதையைக் காகிதத்தில் வரைந்து, எந்தெந்த மில்லிமீட்டரில் பக்கத்துப் பின்கள் வருகின்றன என்று குறித்துக்கொண்டே தொடங்குவேன். வளையத்தை 4 மில்லிமீட்டரில் முயன்று பார்ப்பேன், ஆனால் முதலில் கொட்டகையில். வால்களைப் பக்கவாட்டில் நிற்க விடாமல் முன்பக்கமாகத் திருப்பி வைப்பேன்.

இருபத்து மூன்றாம் கட்டைக்கு முடிச்சு உதவவில்லை. அந்தக் கம்பி அறுந்தது மேல் பிரிட்ஜின் முளையிலேயே. அதற்கு அப்பால் பிடிக்க ஒன்றுமில்லை. அதற்குக் கீழே செம்பு தொடங்கும் வரை வெறும் எஃகு 25 மில்லிமீட்டர்தான், ஒரு வளையத்துக்கும் வாலுக்குமே 28 வேண்டும். எப்படியாவது திணித்துப் போட்டாலும் முடிச்சு ஒலிக்கும் பகுதியில் விழும். அது ஸ்வரமாக ஒலிக்காது. அறுந்த கம்பியைக் கழற்றிச் சுருட்டி, நீளத்தையும் இரண்டு தடிமன்களையும் செம்பு தொடங்கி முடியும் இடங்களையும் ஒரு அட்டையில் எழுதி இணைத்து, சுற்றித்தர அனுப்பியிருக்கிறேன். அதுவரை அந்தக் கட்டை ஒற்றைக் கம்பியில் சற்று மெல்லிய குரலில் ஒலிக்கிறது. பேத்தி அதை மட்டும் கொஞ்சம் அழுத்தி வாசிக்கிறாள். அப்படி வாசிக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.